“சேருகிறேன்” என்று எழுதாததால் போன பத்து நாள்கள்

நோமிக் என்னும் ஆட்டத்தை அமெரிக்க மெய்யியலாளர் பீட்டர் சூபர் 1982இல் வகுத்தார் என்பதும், விதிகளை மாற்றுவதே அதில் ஆட்டம் என்பதும் பலருக்குத் தெரிந்திருக்கும். இணையவழி நடைபெறும் அவ்வாறான ஓர் ஆட்டத்தில் கொக்குவிலிலிருந்து நானும் சேர்ந்துவிட்டதாகப் பத்து நாள்கள் நம்பியிருந்து, விதிகளை மாற்றும் மூன்று முன்மொழிவுகளுக்கு வாக்கும் அளித்தேன். முடிவு வந்தபோது என் வாக்கு ஒன்றுகூட எண்ணப்பட்டிருக்கவில்லை.

ஆட்டக்காரர் பட்டியலைப் பேணும் பதிவாளருக்கு இரண்டு மடல்கள் எழுதியும் மறுமொழி வரவில்லை. மூன்றாவதற்கு ஒரு விதியின் எண்ணை மட்டும் அனுப்பினார். சேர்பவர் தாம் அக்கணமே ஆட்டக்காரராகிறார் என்பதை ஐயமின்றித் தெரிவிக்க வேண்டும் என்றது அவ்விதி. நான் எழுதியிருந்ததோ, “சேரலாம் என்றிருக்கிறேன்” என்ற பொருளில். முறையிட்டேன், நடுவரும் பதிவாளர் பக்கமே தீர்த்தார். கிராம அலுவலரின் கடிதத்தில் “இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்” என்று இருப்பதுபோல, எழுதும் வாக்கியமே செயலாக இருக்க வேண்டும் என்பதை யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். அன்றிரவே ஒற்றை வரியில் சேர்ந்தேன். (வாக்களிப்பு கிரீன்விச் நள்ளிரவில் முடிந்தால், நமக்கு அது விடிய 5.30 என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.)

அடுத்த வாரம் ஒருவர் ஓர் ஒப்பந்தத்தை வெளியிட்டு, மூன்று நாள்களுக்குள் மறுக்காத அனைவரும் அதன் உறுப்பினர் என்றும், நான் அவருக்குப் புள்ளிகள் தர வேண்டும் என்றும் அறிவித்தார். எனக்கு நெஞ்சு படபடத்தது. விலகல் மடலையும் எழுதிவிட்டேன்; ஆனால் விலகினால் 30 நாள்களுக்குத் திரும்பச் சேர முடியாது என்பது நினைவுக்கு வர, அதை அழித்துவிட்டு இரவிரவாக விதித்தொகுப்பை வாசித்தேன். வெளிப்படையாக இணங்காத எவரையும் ஒப்பந்தம் கட்டாது என்ற வரி அகப்பட்டது. அதை எடுத்துக்காட்டி வழக்கிட்டேன். மௌனம் இணக்கமாகாது என்று தீர்ப்பு வந்தபோது, உண்மையாகவே கண் கலங்கியது.

சூபரின் தொடக்கத் தொகுப்பில், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமையைத் தரும் 113ஆம் விதி மாறா விதிகளில் ஒன்று; அதை மாறும் விதியாக்கவே ஒருமனதான வாக்கு வேண்டும். எங்கள் இணக்க விதிக்கு அந்தக் காவல் இல்லை. அதே ஆள் இப்போது அவ்விதியையே நீக்க முன்மொழிந்திருக்கிறார். வாக்களிப்பு வெள்ளி விடிய முடிகிறது. என் எதிர்ப்பு வாக்கை இன்றே அனுப்பிவிட்டேன்.