கந்தப்பளை ஸ்டேஷனுக்குக் கூரை ஏறியாச்சு

நான் செய்யும் மாடல் ரயில் ஸ்டேஷனுக்கு ஒருவழியாகத் தகரக் கூரை சரிவந்துவிட்டது. சுவர், மேடை, சிக்னல் எல்லாம் சும்மா வந்த வேலை. உயிரை வாங்கியது கூரைதான்.

நெளித்தகரத்தில் ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் மூன்று அங்குலம். எல்லாவற்றையும் 87இல் ஒரு பங்காகச் சுருக்கும் என் மாடலில் (1:87) அது 0.88 மி.மீ. கொழும்பு பழைய சோனகத் தெருவில் கிடைக்கும் எம்5 மரைக்கம்பியில் (5 மி.மீ. தடிப்பில், திருகாணி போல மரை வெட்டிய கம்பி) மரை இடைவெளி 0.8. போதும், யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. புரியாணி வந்த அலுமினியப் பெட்டியின் அடித்தட்டை சைக்கிள் டியூப் மேல் விரித்து, கம்பியை அழுத்தி உருட்ட வேண்டும். சமையல் ஃபாயில் வேண்டவே வேண்டாம், கிழியும். மரை சுருளாக ஓடுவதால் நெளிவு மூன்று பாகை சரிந்துதான் விழும். ஆகவே பெரிய துண்டாக உருட்டிவிட்டு, நெளிவையே கோடாக வைத்து வெட்டுங்கள். இடையில் கம்பியைத் தூக்கினீர்களோ, அந்தத் துண்டு குப்பைக்கு.

பெயின்டுக்கு முன்னால் மெட்டல் பிரைமர் கட்டாயம். பஞ்சிகாவத்தையில் கார்க்காரர்கள் வாங்கும் ஸ்பிரேயே நன்றாகப் பிடிக்கிறது.

கூரை இரண்டு செய்திருக்கிறேன், கழற்றி மாட்டலாம். ஒன்று 1904, பளபளப்பு: நானுஓயாவிலிருந்து வந்த சின்னப் பாதை (குறுகிய ரயில் பாதை) நுவரெலியாவைத் தாண்டி ராகலை வரை போன வருடம். மற்றது 1948, முழுக்கத் துரு. தேயிலைப் பெட்டிகள் நானுஓயாவுக்கு இறங்கி, அங்கே அகலப் பாதை வண்டிக்கு மாற வேண்டும். லொறிக்காரன் ஃபெக்டரி வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியபின் இந்தச் சுற்றுவழி யாருக்கு வேண்டும்? 1948இல் இழுத்து மூடினார்கள். மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய குடியுரிமைச் சட்டமும் அதே வருடம்தான். துருக் கூரையை மாட்டும்போது குட்ஸ் ஷெட்டையும் காலி பண்ணிவிடுவேன்.

தேயிலைச் செடிகள் இன்னும் பாக்கி. ஸ்பொஞ்சுக்குச் சாயம் ஏற்றி வைத்திருக்கிறேன், ஒட்டப் பொறுமையில்லை. மனசு அதற்குள் தலைமன்னார் பியருக்குப் போய்விட்டது. 1914இல், இந்தியாவுக்குக் கப்பல் ஏறுவோரைக் கொண்டுவந்த போட் மெயில் ரயில் வந்து நின்ற இடமாயிற்றே. சின்னப் பாதையில் தண்டவாள இடைவெளி 762 மி.மீ. என்பதால் கந்தப்பளைக்கு 9 மி.மீ. இடைவெளியுள்ள என்-கேஜ் மாடல் தண்டவாளத்தை வைத்துச் சமாளித்தேன். தலைமன்னாரில் அகலப் பாதை, 1676 மி.மீ., அதாவது மாடலில் 19.3 மி.மீ. ரெடிமேடாக வருவது 16.5தான், சிலிப்பர் கட்டை முதல் கையாலேயே போட வேண்டும். தண்டவாளக் கம்பியை மட்டும் தனியாக விற்பவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.