ரெண்டு சீட்டு வண்டியும் முதலாளி காரும்

எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருஷமாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது என்று சொன்னால் வெளியூரில் யாரும் நம்புவதில்லை. செங்கோட்டையில் எல்லாரும் நம்புவார்கள், நம்பிவிட்டுச் சிரிப்பார்கள்.

சான் ஸ்டார்ம். தொண்ணூறுகளின் கடைசியில் கோவாவில் தயாரான இரண்டு சீட்டு வண்டி, திறந்து மூடுகிற கூரை, உடம்பு முழுக்க ஃபைபர், உள்ளே ரெனோவின் 1149 சிசி எஞ்சின், சுமார் 60 குதிரைத்திறன். இந்த அறுபது குதிரையை இன்றைக்குக் காய்கறி வாங்கப் போகிற சின்னக் காரிலேயே கட்டிவிடுகிறார்கள்தான், ஆனால் தரையோடு தரையாக உட்கார்ந்து பக்கத்து லாரியின் சக்கரத்து நட்டுகளை எண்ணிக்கொண்டே புளியரை மலையில் ஏறிப் பாருங்கள், நாற்பதில் போனாலும் நூற்றிருபதில் போகிற மாதிரி இருக்கும். 2000-ஆம் வருஷ மாடல், சிவப்பு நிறம். 2012-இல் கோயம்புத்தூரில் ஒருவரிடம் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் நிறுத்தியதும் அம்மா வெளியே வந்து பார்த்தாள். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். "எய்யா, மீதியை எப்பக் கொண்டாருவாக?" என்று கேட்டாள்.

அப்புறம் உள்ளே உட்கார வைக்க முயற்சி செய்தோம். "காலை எங்கய்யா வைக்க?" என்றாள். எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. அன்றைக்கு இறங்கியவள் பன்னிரண்டு வருஷமும் அதில் மறுபடி ஏறவில்லை.

எஞ்சினைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், ஒரு நாளும் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. கூரைதான் வினை. அதுவும் கம்பெனிக் கூரை கிடையாது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் ஜீப்புக்கு டாப் தைக்கிற யாரிடமோ கொடுத்துத் தைத்த தார்ப்பாய் அது. மூட வேண்டுமென்றால் இடது பக்கக் கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலே உள்ள கொக்கியை மாட்டி, முஷ்டியால் மூன்று குத்து குத்த வேண்டும். முதல் இரண்டு குத்தும் வீண், மூன்றாவதில் 'டக்' என்று உட்காரும். ஏன் மூன்றாவதில் மட்டும் உட்கார்கிறது என்று நான் ஆராய்ச்சி செய்யவில்லை. குற்றாலத்தில் சீசன் வந்தால் ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும் எங்கள் ஊரில் வெயிலடிக்கும்போதே சாரலும் விழும், அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை மனசு மாறும் வானம். அந்த மூன்று மாதமும் நான் வண்டி ஓட்டினேன் என்பதைவிட வண்டியைக் குத்தினேன் என்று சொல்வதுதான் சரி. என் பெண் அதற்கு 'அப்பா பாத்ரூம்' என்று பேர் வைத்திருந்தாள்.

ஆட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேசவபுரம் பக்கம் ஒரு கிடா குறுக்கே ஓடி வந்து முட்டியது. நான் முட்டவில்லை, நின்றுகொண்டிருந்த வண்டியை அதுதான் முட்டியது. கிடா தலையை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டது, என் பம்பர் மூன்று துண்டு. தென்காசியில் டிங்கரிங் பட்டறைக்குக் கொண்டுபோனால் அவர் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, தகரம்னா ஒடுக்கு எடுத்துரலாம். இது வாளியில்லா?" என்றார். கடைசியில் பாத்ரூம் கதவும் தண்ணீர்த் தொட்டியும் ஃபைபரில் செய்கிற ஒரு தம்பிதான் மேட் என்கிற கண்ணாடி இழைத் துணியை வெட்டி ஒட்டி, ரெசின் என்கிற பிசினைப் பூசி, தேய்த்துக் கொடுத்தான். நல்ல வேலைக்காரன். அவனிடம் சிவப்பு மட்டும் இல்லை. அதனால் ஆறு மாதம் முன்பக்கம் தண்ணீர்த் தொட்டி நீலத்தில் ஓடியது.

சரி, விற்கிற கதைக்கு வருகிறேன். தனியார் கார் பதினைந்து வருஷம் தாண்டினால் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்சி என்கிற தகுதிச் சான்று காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் இல்லையா, 2020-இல் 600 ரூபாய்க் கட்டணம் கட்டினேன். 2022 ஏப்ரலில் அதை 5000 ஆக்கிவிட்டார்கள். அடுத்த எஃப்சி 2025-இல் வருகிறது என்பது வீட்டுக்காரிக்கு என்னைவிட நன்றாக ஞாபகம் இருந்தது. "நாம அஞ்சு பேரு, உங்க காரு ரெண்டு பேரு. மிச்ச மூணு பேரையும் பஸ்ஸுல அனுப்ப அஞ்சாயிரம் வேறயா?" என்றாள். இதற்குப் பதில் சொல்லிப் பார்க்கவே இல்லை. விற்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

விளம்பரம் போட்ட அரை மணி நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்தது. "மைலேஜ் என்ன கொடுக்கும்?" என்று கேட்காதவர் ஒருவர்கூட இல்லை. ஒருவர் கேஸ் மாட்டலாமா என்றார், சிலிண்டரை எங்கே வைப்பது என்று கேட்டேன், பக்கத்து சீட்டில் என்றார். கடையநல்லூரிலிருந்து ஒருத்தர் மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விட நினைத்தார், மாப்பிள்ளையும் டிரைவரும் உட்கார்ந்தால் மாப்பிள்ளைத் தோழன் எங்கே உட்காருவான் என்பதிலேயே அவர் பின்வாங்கிவிட்டார். பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, பழைய லோடு ஆட்டோவும் மேலே நாற்பதாயிரமும் தருகிறேன் என்றார். அதற்கு எங்கள் வீட்டிலேயே ஆதரவு இருந்தது. லோடு ஆட்டோவில் அஞ்சு பேர் உட்காரலாமாம்.

கடைசியில் புனலூரிலிருந்து ஒரு பையன் வந்தான். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவன். கேரளத்தில் இப்போது கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஆறு, அருவி, ரயில் பாலம் என்று கூட்டிப்போய்ப் படம் எடுத்து அனுப்பினால்தான் கல்யாணம் நடந்த மாதிரி. அதற்கு ஒரு திறந்த சிவப்புக் கார் வேண்டுமாம். வண்டியைப் பார்த்ததும் அவன் கண்ணில் தெரிந்தது பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கண்ணில் தெரிந்ததேதான், எனக்குப் பாவமாக இருந்தது.

"கொள்ளாம் அண்ணா. ஒந்நு ஓடிச்சு நோக்கட்டே?" என்றான்.

ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்கிறான். திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா அதை 'ஒடிச்சு' என்று எடுத்துக்கொண்டு, "ஏற்கெனவே ஒடிஞ்சுதான் கிடக்கு, நீ வேற ஒடிக்கணுமாக்கும்!" என்று சத்தம் போட்டாள். எழுபத்தைந்தாயிரம் குறைத்துவிடுவானோ என்று பயந்தேன், அவன் சிரித்துக்கொண்டே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ஒன்று அறுபதுக்கு முடித்தான். கூரையில் குத்தும் விஷயத்தைச் செய்முறையோடு மூன்று தடவை சொல்லிக் கொடுத்தேன். அவன் தலையை ஆட்டினான். கவனிக்கவில்லை என்பது அப்போதே தெரிந்தது.

இனி வாங்கின கதை. நான் பிரானூரில் ஒரு மர மில்லில் கணக்கு எழுதுகிறவன். பிரானூரை இன்றைக்கும் எல்லாரும் 'பார்டர்' என்றுதான் சொல்வார்கள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரைக்கும் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது, அப்போது எல்லை அங்கே. எல்லை மலை ஏறிக் கோட்டைவாசலுக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, பேரும் புரோட்டாக் கடைகளும் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் அந்தப் பக்கத்து மர முதலாளி ஒருவரிடம் வெள்ளைக் காண்டஸா கார் இருந்தது. தெருவில் அது திரும்பினால் முதலில் மூக்கு வரும், அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து முதலாளி வருவார், பின்னால் டிக்கி ஒரு தனி வண்டி மாதிரி வந்து சேரும். ஒரு மழை நாளில் அவர் எங்கள் நாலு பையன்களை ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார். அந்த சீட்டில் நான் உள்ளே போனது இன்னும் முழுசாக வெளியே வரவில்லை என்று நினைக்கிறேன்.

அதே மாதிரி ஒன்று வாங்குவது என்று முடிவு செய்துகொண்டு வீட்டில் பேசும்போது நான் பொய்யே சொல்லவில்லை. நாலு கதவு, வெள்ளை, ஏசி உண்டு, பெரிய டிக்கி, அஞ்சு பேர் தாராளம். இவ்வளவும் கேட்டு வீட்டுக்காரி சந்தோஷமாகச் சரி என்றாள். எந்த வருஷம் என்று அவள் கேட்கவில்லை. ஏசி ஓடுமா என்றும் கேட்கவில்லை.

வண்டி கொட்டாரக்கரையில் இருந்தது, வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெரியவருடையது. காண்டஸா 1984-இல் வந்தபோது அதற்குள் அம்பாசடரின் 1489 சிசி எஞ்சின்தான் இருந்தது, அவ்வளவு பெரிய உடம்பை அது இழுத்துக்கொண்டு போவதே புண்ணியம். பிற்பாடு இசுசுவின் 1.8 லிட்டர் எஞ்சின் வைத்தார்கள், அதற்கப்புறம்தான் வண்டிக்கு உயிர் வந்தது. இது அந்த 1.8, 1993 மாடல். பெரியவர் மேலே போட்டிருந்த துணியை எடுத்த விதத்திலேயே விலை குறையாது என்று தெரிந்துவிட்டது. இரண்டே முக்கால் லட்சம். பேரம் பேசினேன். அவர் மறுபடி துணியைப் போர்த்தினார். இரண்டே முக்கால் லட்சம் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் ஒரு வண்டி மேற்கே போகிறது, ஒரு வண்டி கிழக்கே வருகிறது. போகிற வண்டிக்கு இங்கிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, வருகிற வண்டிக்கு அங்கிருந்து என்ஓசி, இரண்டுக்கும் படிவம் 28, இரண்டுக்கும் சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு. காண்டஸாவின் நம்பர் முப்பது வருஷ கிரீஸுக்கு அடியில் இருந்தது, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்துத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தபோது கல்வெட்டு படிக்கிற மாதிரி இருந்தது. தென்காசியில் என் காகிதங்களைப் பார்த்துக் கொடுத்த ஏஜென்ட், "அண்ணாச்சி, 1956-ல மாத்தினது பத்தலன்னு நீங்க வேற ஆரம்பிச்சிட்டியளா?" என்றார்.

வண்டி எடுக்கிற அன்று வீட்டோடு பஸ்ஸில் போனோம். வீட்டுக்காரி பார்த்தாள். "இது எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு வந்த காரு மாதிரில்லா இருக்கு."

"அதே மாடல்தான்."

"மாடலா, அதே காரா?"

தென்மலை தாண்டும் வரைக்கும் அவள் பேசவில்லை. கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் சூட்டு முள் மேலே ஏறியது, ஓரமாக நிறுத்தினேன். தப்பு வண்டி மேல் இல்லை, மலை ஏறுகிறவன் புறப்படும்போதே ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்க வேண்டும், நான் டிக்கியைத் திறந்து மூடி ரசித்துக்கொண்டிருந்துவிட்டேன். பானெட் ஆறுவதற்குள் கொல்லம் போகிற ரயில் பாலத்தின் மேல் போயிற்று, பிள்ளைகள் கையாட்டினார்கள், வீட்டுக்காரி ஏசி பொத்தானை அமுக்கிப் பார்த்து வந்த காற்றை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைக் காணோமே என்று திரும்பினால், பின் சீட்டில் ஜன்னலோரம் காலை நீட்டிப் படுத்து, இரண்டு பேரப்பிள்ளைகளையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நன்றாகத் தூங்குகிறாள். ஆரியங்காவில் விழித்து, "எய்யா, இதுல காலு எட்டவே மாட்டேங்குதே," என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.

இது நடந்து எட்டு மாதம் இருக்கும், போன ஆனி மாதம் புனலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். அதே பதிமூன்று கண் பாலம். கீழே ரோட்டோரத்தில் சிவப்பாக ஏதோ. என் பெண்தான் முதலில் பார்த்தாள், "அப்பா பாத்ரூம்!" என்று கத்தினாள். ஸ்டார்மேதான். உள்ளே ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் தோளோடு தோளாக, முன்னால் நம் பையன் கேமராவோடு மண்டி போட்டிருக்கிறான். முன்பக்கத்து ஃபைபர் வேலை பெயின்டுக்கு மேலேயும் எனக்குத் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மழை வந்துவிட்டது, சாரல் இல்லை, கேரளத்து மழை. பையன் ஓடிப்போய்க் கூரையை இழுக்கிறான், குத்துகிறான், இரண்டு குத்தோடு நிறுத்திவிட்டுத் தலையில் கை வைக்கிறான். பெண்ணின் தலையில் வைத்திருந்த முல்லைப்பூ கழுத்து வரைக்கும் இறங்கிவிட்டது.

வண்டியை நிறுத்தினேன். "எங்க போறிய, மழையில?" என்று வீட்டுக்காரி கேட்பது காதில் விழுந்தது. ஓடிப்போய் இடது கம்பியைத் தூக்கிப் பிடித்து, கொக்கியை மாட்டி, ஒன்று, இரண்டு, மூன்று. டக். உள்ளேயிருந்த மாப்பிள்ளை கும்பிட்டான்.

பையன் என்னோடு குடை இல்லாமலே காண்டஸா வரைக்கும் நடந்து வந்தான். நன்றி சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை, மழைத் தண்ணீர் வழுக்கி ஓடுகிற அந்த நீளமான வெள்ளை பானெட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா, ஈ வண்டி கொடுக்குந்நுண்டோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டுக் கண்ணாடி கீழே இறங்கியது. தினமும் ராத்திரி மலையாள சீரியல் பார்த்துப் பார்த்துப் படித்த பாஷையில் என் வீட்டுக்காரி கேட்டாள்:

"எத்ர தரும்?"