இருப்பராம்

பழைய மாணவர் மலருக்கு எழுதச் சொன்னால் ஆண்டு விழாவையும் ஆஸ்டல் சாம்பாரையும் எப்படியும் நாலு பேர் எழுதிவிடுவார்கள். நான் தமிழ் ஐயா பாடத்தில் இல்லாமலே நடத்திய ஒரு பாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆஸ்டல் பையன்கள் தாமிரபரணிக் கரைக் குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போவோம். மற்றவர்கள் ஆற்றில் குதிப்பார்கள். படித்துறையில் துணிகளுக்கு நான் காவல். நீச்சல் தெரியாது, போதாததற்குத் திக்குவாய் வேறு. "நீச்சும் வராது, பேச்சும் வராது" என்று ஒருத்தன் ராகம் போட்டான். அதுவே பட்டப்பெயராக நின்றது.

அது ஐயா காதில் விழுந்ததோ என்னவோ, ஒருநாள் பாரதியின் 'கனவு' பாட்டை எடுத்தார். 1910-ல், புதுச்சேரியில் இருந்தபோது வந்த தன் கதை. மறு வருஷமே வெள்ளைக்கார அரசு தடை போட்டது. எங்களுக்கு அதில் தெரிந்த இடம் ஒன்றுதான்: இங்கிலீஷ் படிக்க அப்பா நெல்லைக்கு அனுப்பியது, சிங்கக்குட்டியைப் புல் தின்னப் போகச் சொன்ன மாதிரி என்பார். நெல்லையில் படிக்கிற எங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். "அதுக்கு முன்னால உள்ளதைப் பாருங்கலே" என்று ஐயா போர்டில் எழுதினார்.

ஆண்டோர் பத்தினில் ஆடியும் ஓடியும்
ஆறு குட்டையின் நீச்சினும் பேச்சினும்
ஈண்டு பன்மரத் தேறி யிறங்கியும்
என்னோ டொத்த சிறியர் இருப்பராம்

இரண்டாவது வரியில் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் டெஸ்க்கைப் பார்த்தேன்.

அப்புறம் வரும் வரிகளில், அப்பாவுக்குப் பயந்து வீதி விளையாட்டில் சேராமல், புத்தகங்களோடு 'தனியனாய்' இருந்து வருந்தியதாகச் சொல்கிறார். "மகாகவி ஆகப்போறவரு, அதான் சேரலை" என்றான் ஒருத்தன். பரீட்சையில் மார்க் வாங்கும் பதில். ஐயா ஒப்பவில்லை.

"ஏல, 'இருப்பர்'னா போதாதா? 'இருப்பராம்'னு ஏன் சொல்லுதாரு?"

இலக்கணப் புலி ஒருத்தன், "அசைநிலை ஐயா" என்றான். அதாவது, பொருள் இல்லாமல் சும்மா ஒட்டிக்கொள்ளும் சொல்.

"இருக்கட்டும். கூட வெளாண்டவன் 'வெளாண்டோம்'பான். நின்னு பாத்தவன் 'வெளாண்டாங்க'ம்பான். 'வெளாண்டாங்களாம்'னு எவம்ல சொல்லுவான்? வீட்டுக்குள்ள இருந்து சத்தம் மட்டும் கேட்டவன்."

அன்று சாயங்காலம் யாரும் என்னைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மறுநாள் கூப்பிட்டார்கள், அது வேறு விஷயம்.

ஐயா சொன்னதோடு எனக்கு இப்போது ஒரு சின்ன வழக்கு உண்டு. அந்த 'ஆம்' பத்து வயதுப் பையனுடையது மட்டும்தானா? எழுதும்போது பாரதிக்கு வயது 27. எட்டயபுரம் பக்கம் தலைகாட்ட முடியாமல் பிரெஞ்சு எல்லைக்குள் உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்து நினைத்தால், தெருவில் ஆடிய பையன்களோடு வீட்டுக்குள் இருந்த அந்தப் பையனும் யாரோ சொல்லிக் கேட்ட சேதியாகத்தானே தோன்றியிருப்பான்?

ஊரைவிட்டு வந்த நமக்கு இது தனியாக விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் குறுக்குத்துறைக் கோயில் முழுகிவிட்டதாம். நம் ஆஸ்டலுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்களாம். ஐயா இப்போதும் சாயங்காலம் ஆற்றுப் பக்கம் நடந்து போகிறாராம். காது மட்டும் கொஞ்சம் மந்தமாம்.