அருமனையின் ரெக்கார்டு நோட்டு

நவம்பர் 24, 2024

டிசம்பர் 8 ஞாயிற்றுக்கிழமை எங்கள் செட் கூடுகிறது. 1978ல் பி.எஸ்சி. தாவரவியல் சேர்ந்தவர்கள். ஆளைத் தேடும் வேலையைப் பிரித்துக்கொண்டதில் என் பங்குக்கு ஒரே ஒருவன். பெயர் வேண்டாம். அன்றைக்கே அவனை ஊர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம்: அருமனை.

பரணிலிருந்து சான்றிதழ் பெட்டியை இறக்கினேன். அப்பா, நான், மகள் மூவரும் ஒரே கல்லூரி, நாகர்கோவில் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி. அப்பாவின் பட்டத்தில் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம், என்னுடையதில் மதுரை காமராஜ், மகளுடையதில் மனோன்மணியம் சுந்தரனார். 1952ல் கல்லூரி தொடங்கும்போது இது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1ல் மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. கல்லூரியின் பெயரில் மட்டும் பழைய நாடு அப்படியே இருக்கிறது.

பெட்டியின் அடியில் பழுப்பேறிய ஒரு ரெக்கார்டு நோட்டு. என்னுடையது இல்லை.

நவம்பர் 27

மூன்று நாளாக அந்த நோட்டைத்தான் புரட்டுகிறேன். பென்சிலைக் கூராகச் சீவி, புள்ளி புள்ளியாக வைத்தே நிழல் காட்டுவான். தும்பைப் பூவின் உதடுகூட அவ்வளவு துல்லியம்.

முதல் வருஷம் இரண்டு பஸ் மாறி வருவான், முதல் பீரியட் பாதி போயிருக்கும். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரம் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியதும் குழித்துறையில் ஏறி எங்களுக்கு முன்னால் வந்து நிற்பான். ரயில் வந்ததில் அவனைப் போல சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

மருத்துவாமலைக்குச் செடி சேகரிக்கப் போய்வந்த மறுநாள் இந்த நோட்டைக் கடன் வாங்கினேன், இரண்டு நாளில் தருவதாக. அடுத்த வாரம் அவன் வரவில்லை. அப்பா கிடப்பில் விழுந்துவிட்டார், இவன் ரப்பர் பால்வெட்டுக் கத்தியை எடுத்துவிட்டான் என்று யாரோ சொன்னார்கள். முப்பது சொச்சம் கிலோமீட்டர்தான். நான் போய்ப் பார்க்கவில்லை. அந்த நோட்டைப் பார்த்து எழுதித்தான் பிராக்டிகலில் நல்ல மார்க் வாங்கினேன்.

டிசம்பர் 3

கோட்டாறு சவேரியார் திருநாள், உள்ளூர் விடுமுறை. மகள் காரோட்ட, அருமனைக்குப் போனோம். டீக்கடையில் கேட்டதும் வழி சொல்லிவிட்டார்கள். புகைப்புரை வாசலில் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்தான். கையெல்லாம் ரப்பர் பால் கறை.

"லே, ஓர்மை இருக்கா?" என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தான். "மருத்துவாமலையில வழுக்கி விழுந்தவன்லா நீ!"

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வந்தது. இரண்டு பெண்களைப் படிக்க வைத்துவிட்டான். ஒருத்தி நர்ஸ். ஒக்கி புயலில் பாதி மரம் போனது, திரும்ப வைத்த கன்றுகள் இன்னும் வெட்டுக்கு வரவில்லை. கூட்டத்துக்குக் கூப்பிட்டேன்.

"நான் டிகிரி முடிக்கல்லியே மக்கா. விடியக்காலம் வெட்டும் உண்டு. குளிருக்குப் பால் நல்லா வரும், இப்ப விட முடியாது."

நோட்டு காரில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்க வாய் வரவில்லை. வெட்டு முடிந்து வா என்று மட்டும் சொன்னேன்.

டிசம்பர் 8

பதினொன்றரைக்கு வந்தான், வெள்ளை வேட்டியில். யாரோ "எலே அருமனை!" என்று கத்தியதும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மதியம் அவியல், பருப்பு, பாயசம். பேச்சு அதிகமும் இல்லாமல்போனவர்களைப் பற்றி.

சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அங்கே வைத்து நோட்டை நீட்டி, நடந்ததைச் சொன்னேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, யூஃபோர்பியேசி குடும்பத்தில் நிறுத்தினான். ரப்பர் இலை வரைந்திருந்தான், ஒரு காம்பில் மூன்று.

"நரம்பு ஒண்ணு விட்டுப்போச்சு, கேட்டியா? அண்ணு தெரியல்ல."

தூற ஆரம்பித்தது. மழைக்கு மரத்தில் கட்டுகிற பிளாஸ்டிக்கில் ஒரு துண்டு அவன் பையில் இருந்தது. நோட்டை அதில் இரண்டு சுற்றுச் சுற்றி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மார்த்தாண்டம் பஸ்ஸில் ஏறினான்.