லிபர்ட்டி தெருச் சுவர்

என் அலுவலகம் நியூயார்க்கில் உலக வர்த்தக மையத்துக்குப் பக்கத்தில். மதியம் சாப்பிட்டதும் லிபர்ட்டி தெரு வரை நடப்பேன். அங்கே ‘டென் ஹவுஸ்’ தீயணைப்பு நிலையத்தின் பக்கச் சுவரில் 56 அடி நீள வெண்கலச் சிற்பம் இருக்கிறது. எரியும் இரட்டைக் கோபுரங்கள், அவற்றை நோக்கிப் போகும் வீரர்கள். கீழே 2001 செப்டம்பர் 11 அன்று இறந்த தீயணைப்புத் துறையினர் 343 பேரின் பெயர்கள். ஊரிலிருந்து அம்மா வந்தபோது, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

எனக்கு மனசு ஆறாதது வேறு விஷயம். இடிபாட்டுத் தூசியைச் சுவாசித்தவர்கள் வருடக்கணக்காக நோயில் இறந்துகொண்டிருக்கிறார்கள். 2023 செப்டம்பரில் அப்படி இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையும் 343-ஐத் தொட்டது.

இவர்களின் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்குமான சட்டம் வரவே ஒன்பது வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறமும் இழப்பீட்டு நிதிக்கு அலைய வேண்டியிருந்தது. 2019 ஜூனில் இடிபாட்டில் வேலை செய்து புற்றுநோய்க்கு ஆளான லூயிஸ் அல்வாரெஸ் என்ற முன்னாள் காவல்துறைத் துப்பறிவாளர், 69-வது கீமோவுக்கு முந்தின நாள், நாடாளுமன்றக் குழு முன் வந்து சக ஊழியர்களுக்காகப் பேசினார். அந்த மாதக் கடைசியில் இறந்துபோனார். ஜூலையில் நிதியை 2090 வரை நீட்டித்தார்கள். மலர்வளையத்தைவிட அதைத்தான் நான் பெரிய மரியாதையாக நினைக்கிறேன்.

கோபுரங்கள் நின்ற இடத்தில் உள்ள நினைவிடத்துக்கு வருகிறவர்கள் இரண்டு நீர்த்தடாகங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தென்மேற்குப் பக்கம் இன்னும் கொஞ்சம் நடங்கள். நோயில் இறந்தவர்களுக்காக 2019-ல் நிறுத்திய ஆறு பெரிய கற்கள் அங்கே இருக்கின்றன.