அந்தக் குப்பியின் மேல் ஒரு சதுரம்

காலையில் ஓபி தொடங்கும் முன் செய்தி பார்ப்பேன். பெரும்பாலானவை முதல் நோயாளி வந்ததும் மறந்துவிடும். 2024 ஆகஸ்டில் காசாவிலிருந்து வந்த ஒன்று மட்டும் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பத்து மாதக் குழந்தைக்குப் போலியோ. 25 ஆண்டுகளாக அங்கே தலைகாட்டாத நோய்.

போரில் கட்டடங்களோடு கழிவுநீர்க் குழாய்களும் தடுப்பூசி அட்டவணையும் சேர்ந்தே உடைகின்றன. மலம் கலந்த தண்ணீரில் பரவும் கிருமிக்கு வேறென்ன வேண்டும்?

செப்டம்பர் 1 அன்று சொட்டு மருந்து போடத் தொடங்கினார்கள். பகுதி பகுதியாக, சில மணி நேரம் சண்டையை நிறுத்தி, முதல் சுற்றிலேயே ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு. அந்த மருந்துக் குப்பியில் ஒரு வட்டமும் அதற்குள் வெளிர்நிறச் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து வீண். மின்சாரம் இல்லாத ஊரில் அந்தச் சதுரம் கருக்காமல் பார்த்துக்கொண்ட சுகாதாரப் பணியாளர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

"இப்போதுதான் போலியோவே இல்லையே டாக்டர், இது எதற்கு?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நோயைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு வரும் நியாயமான கேள்வி. எத்தனை பேர் காத்திருந்தாலும் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

அப்புறம் ஒன்று. உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையில் ஏதாவது கட்டம் விட்டுப்போயிருந்தால் தயங்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பொதுவாக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்தே போடலாம்.