லோஸ் பான்யோஸில் ஒரு பிரசவம்

நாலாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் காலை, வாசலில் குடையும் நோட்டுப் புத்தகமுமாக ஒரு அம்மாள் வந்து நின்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் வயிற்றைப் பார்த்தார், சிரித்தார், "எத்தனை மாசம், மிஸிஸ்?" என்றார். அவர் எங்கள் பராங்காயின் சுகாதாரத் தொண்டர். பராங்காய் என்பது நம்ம ஊர் வார்டு, பஞ்சாயத்து மாதிரி. பிலிப்பைன்ஸில் அதுதான் கடைசி நிர்வாக அலகு. யார் வீட்டில் கர்ப்பிணி, யாருக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, எந்தக் குழந்தைக்கு ஊசி பாக்கி என்று வீடு வீடாகப் போய் எழுதி வைப்பது இவர்கள் வேலை. சம்பளம் கிடையாது, சின்ன ஊக்கத்தொகைதான். வெளிநாட்டுக்காரியாயிற்றே, இவளுக்கு நாம் எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. என் பெயரையும் கேட்டு, எழுத்துக் கூட்டி எழுதிக்கொண்டார். அக்காவை அங்கே 'ஆத்தே' என்பார்கள். அன்றிலிருந்து அவர் எனக்கு ஆத்தே.

இது 2015 கடைசியில். என் கணவருக்கு லோஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. மணிலாவுக்குத் தெற்கே, மக்கிலிங் மலையடிவாரத்து ஊர். பெரியவள் கும்பகோணத்தில் பிறந்தவள். அவள் பிறந்ததும் தூக்கிக் காட்டினார்கள், கொண்டுபோனார்கள், மறுபடி என் கைக்கு வர மத்தியானம் ஆகிவிட்டது. பிரசவம் என்றால் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். அதனால் இரண்டாவதற்கு எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. அம்மாவால் வர முடியாது என்ற கவலை மட்டும்தான்.

ஆத்தே என்னை பராங்காய் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். தனியார் டாக்டரிடம் பார்த்துக்கொண்டிருந்த நான் மரியாதைக்காகத்தான் போனேன். அங்கே இருந்த மருத்துவச்சியைக் கண்ட பிறகு மாதாமாதம் போக ஆரம்பித்தேன். அவர்கள் மொழியில் கோமத்ரோனா. படித்து, லைசென்ஸ் வாங்கிய மருத்துவச்சி. ரத்த அழுத்தம் பார்ப்பார், இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார், டெட்டனஸ் ஊசி போடுவார். அதெல்லாம் எங்கும் நடப்பதுதான். ஏழாவது மாதத்தில் ஒரு நாள், உட்கார்ந்திருந்த ஆறேழு கர்ப்பிணிகளுக்கு நடுவில் அவர் ஒரு துண்டைச் சுருட்டிக் குழந்தை மாதிரி கையில் வைத்துக்கொண்டார்.

"பிறந்ததும் முதலில் என்ன?" என்று கேட்டார். பக்கத்தில் இருந்த ஆத்தே பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி பதில் சொன்னார்: துடைக்க வேண்டும். குறைந்தது 30 வினாடி, தலை முதல் கால் வரை. அப்புறம்? அம்மாவின் வெறும் மார்பில் வைக்க வேண்டும், தலைக்குத் தொப்பி, முதுகில் துணி. அப்புறம்? தொப்புள்கொடியின் துடிப்பு நின்ற பிறகுதான் வெட்ட வேண்டும், 1 முதல் 3 நிமிடம் ஆகலாம். கடைசியாக, குழந்தை தானாக முலை தேடிக் குடிக்கும்வரை அம்மாவிடமிருந்து பிரிக்கக் கூடாது. எடை பார்ப்பது, ஊசி, கண் மருந்து எல்லாம் அதற்குப் பிறகு. குளிப்பாட்டல் 6 மணி நேரம் கழித்து.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'உனாங் யாக்காப்'. முதல் அணைப்பு என்று அர்த்தம். பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை 2009 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து ஆரம்பித்தது. அதற்கு முன் அந்த நாட்டின் 51 பெரிய ஆஸ்பத்திரிகளில் 481 பிரசவங்களைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வினாடியிலேயே கொடியை வெட்டிவிடுவார்களாம். அவசரமாகக் குளிப்பாட்டிக் குழந்தையைக் குளிரவிட்டு, தாயிடமிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள். கெட்ட எண்ணத்தில் யாரும் செய்யவில்லை, கற்றுக்கொடுத்ததைச் செய்தார்கள். துடைப்பதா குளிப்பாட்டுவதா என்கிற வரிசையை மாற்றினாலே குழந்தைகள் பிழைக்கும் என்று தெரிந்ததும் நாடு முழுக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பயிற்சி ஒரு தெருத் தொண்டர் வரை வந்து சேர்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

2016 மார்ச்சில் வலி கண்டது. அரை மணி நேரத் தூரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. சேர்க்கும்போதே நர்ஸ் என் பையைத் திறந்து பார்த்தார். பால் புட்டி, பால் பவுடர், ரப்பர் நிப்பிள் இருக்கிறதா என்று. பெரியவளின் பழைய புட்டி ஒன்றை நான் எதற்கோ எடுத்து வைத்திருந்தேன், அதைக் கணவரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1986-லிருந்தே இருக்கிறது. தாயையும் சேயையும் ஒரே அறையில் வைக்கச் சொல்லும் சட்டம் 1992-இல் வந்தது.

ஆனால் கணவரைப் பிரசவ அறை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்று கோமத்ரோனா சொல்லியிருந்தார், அரசு வழிகாட்டுதலும் அதுதான். "இங்கே அனுமதி இல்லை, மம்மி" என்று ஒரு வரியில் முடித்தார்கள். நடக்கக் கேட்டேன், டிரிப்ஸ் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டேன், உதட்டை நனைக்கப் பஞ்சு கொடுத்தார்கள். கடைசி நேரத்தில் கீழே ஒரு வெட்டு. என்னிடம் சொல்லவே இல்லை. தையல் போடும்போதுதான் தெரிந்தது. அவசியம் இருந்தால் ஒழிய வெட்டக் கூடாது என்பதும் அதே பயிற்சியில் உள்ள விஷயம். என்ன அவசியம் என்று பிறகு கேட்டேன், "முதல் பிள்ளைக்கும் வெட்டியிருக்கிறதே" என்றார் டாக்டர். இன்றுவரை எனக்கு அது பதிலாகத் தோன்றவில்லை.

"இரே! மம்மி, இரே!" என்று மூன்று பேர் ஒரே குரலில் கத்தினார்கள். முக்கு என்று அர்த்தம். நாலாவது முறை முக்கியபோது பையன் வந்தான்.

அதற்குப் பிறகு நடந்தது வேறு உலகம். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்து ஒரு இளம் நர்ஸ் நேரத்தை உரக்கச் சொன்னாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுதான் இருக்கும். துணியால் அவனைத் துடைத்தாள், முகம், தலை, மார்பு, முதுகு, கை, கால். ஈரத் துணியைத் தள்ளிவிட்டு என் மார்பில் குப்புற வைத்தாள். சூடான, வழுக்கலான, கனமான ஒன்று. தலையில் தொப்பி மாட்டினாள். கையுறையின் மேல் ஜோடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு விரலால் தொப்புள்கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். யாரும் பேசவில்லை. நாடி பார்க்கிற மாதிரி அவள் முகம். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகியிருக்கும். "நின்றுவிட்டது" என்றாள். அப்புறம்தான் கிளிப், கத்தரி.

சற்று நேரத்தில் ஒரு மூத்த நர்ஸ் உள்ளே வந்து, பழக்கத்தில் இரண்டு கையையும் நீட்டினார், எடை பார்க்கக் கொண்டுபோக. "உனாங் யாக்காப் பா போ, மேம்" என்றாள் சின்னவள். முதல் அணைப்பு இன்னும் முடியவில்லை, மேடம். 'போ' என்பது அவர்கள் மொழியில் நம் 'ங்க' மாதிரி மரியாதைச் சொல். மரியாதை குறையாமல், ஆனால் குழந்தை மேல் வைத்த கையை எடுக்காமல் சொன்னாள். பெரியவர் ஒரு கணம் நின்று, கையை மடக்கிக்கொண்டு போய்விட்டார்.

பையன் முதலில் சும்மா கிடந்தான். அப்புறம் வாயோரம் எச்சில், நாக்கை நீட்டினான், தலையை ஆட்டி ஆட்டி நகர்ந்தான். சுமார் நாற்பது நிமிடத்தில் தானே பிடித்துக் குடித்தான். யாரும் அவன் வாயை அழுத்தித் திணிக்கவில்லை. பெரியவளுக்கு மூன்று நாள் பால் பிடிக்காமல் நான் அழுதது நினைவு வந்து அங்கேயே கண்ணீர் விட்டேன்.

அன்று ராத்திரி அந்த மூத்த நர்ஸ்தான் பணியில் இருந்தார். தூக்கம் வராமல் பேசிக்கொண்டிருந்தோம். இருபது வருடம், பிறந்த ஒவ்வொரு குழந்தையையும் உடனே குளிப்பாட்டி, பாதத்தில் மை தடவிக் காகிதத்தில் ஒற்றி, தனி அறையில் வைத்தவராம். பயிற்சி முடிந்து வந்த பிறகும் கை கேட்கவில்லை என்றார். உடம்பில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவுப் படலத்தைக் கழுவாமல் குழந்தையைக் கொடுத்தால் பாட்டிமார் திட்டுவார்கள் என்ற பயம் வேறு. "படிக்கும்போது நம்பவில்லை. இப்படி வைத்த குழந்தைகளின் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். குளிரவே இல்லை. அதற்கப்புறம் நம்பினேன்." சரி, அம்மாவை நடக்கவிடுவது, துணைக்கு ஆள் விடுவது, இதெல்லாமும் அதே பயிற்சியில் இருந்ததே என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அது டாக்டரின் முடிவு, மம்மி" என்றார்.

எனக்குச் சொல்ல இருப்பது அதுதான். நான் பார்த்த வரையில் அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. குழந்தைக்கான பாதியை மனதார ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்; ஒரு இளம் நர்ஸ் தன் மேலாளரையே தடுக்கும் அளவுக்கு. தாய்க்கான பாதி அவர்களுக்கு மனப்பாடம்தான், ஆனால் அதற்காக வாய் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் முழுக்க ஆன பிறகு குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிறவிக் குறைபாடுகளுக்கான பரிசோதனை, 2004-லிருந்து அங்கே சட்டம். எங்களுக்கு எல்லாம் நன்றாக வந்தது.

குடும்பக் கட்டுப்பாடு பற்றிக் கேட்டபோதுதான் திரும்பவும் முட்டியது. வீட்டுக்குப் போகும் முன் டாக்டரிடம் என்ன வழி என்று கேட்டேன். அன்பானவர்தான். கழுத்துச் சிலுவையை விரலால் தொட்டபடி, "அது என் நம்பிக்கைக்கு ஒத்துவராது. வேறு யாரிடமாவது கேளுங்கள்" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை. சட்டப்படி அவர் தவறு செய்யவில்லை. 2012-இல் இயற்றிய இனப்பெருக்கச் சுகாதாரச் சட்டத்தை 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால், மத நம்பிக்கை காரணமாக வேறிடத்துக்கு அனுப்ப மறுப்பவரைத் தண்டிக்கும் பகுதிகளை நீக்கிவிட்டது. டாக்டரின் மனசாட்சிக்கு இடம் உண்டு, சரி. தையலோடு படுத்திருப்பவள் எங்கே போவாள்?

நான் கோமத்ரோனாவிடம் போனேன். அவரும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் நான் என்ன நினைக்கிறேன் என்று கேட்டார். தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிடாய் திரும்பாமல், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல் இருந்தால் அதுவே பாதுகாப்பு, மூன்றில் ஒன்று தவறினாலும் அதை நம்பக் கூடாது என்று விரல்விட்டுச் சொன்னார். அதற்கப்புறம் எனக்கு இம்பிளான்ட் வேண்டும் என்றேன். தீக்குச்சி அளவுக் குச்சி, கையில் தோலுக்கு அடியில் வைப்பது, மூன்று வருடம் தாங்கும். அவர் அலமாரியைக் காட்டினார். வைக்கப் பயிற்சி எடுத்திருக்கிறார், ஆனால் 2015 ஜூனில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துவிட்டது. வாங்கவோ கொடுக்கவோ வைக்கவோ கூடாது. கருவைக் கலைக்கும் பொருள் என்று வழக்குப் போட்டிருந்தார்கள். "எனக்கு எப்படி வைப்பது என்று தெரியும். வைக்கத்தான் முடியாது" என்றார். கடைசியில் காப்பர்-டி போட்டுக்கொண்டேன், அவர் கையாலேயே.

அங்கே பிள்ளை பெறப் போகிறவர்கள் ஏழாவது மாதத்திலேயே மூன்றைக் கேட்டுவிடுங்கள்: துணைக்கு ஆள் விடுவார்களா, சொல்லாமல் வெட்டுவார்களா, பிறகு கருத்தடை பற்றிப் பேசுவார்களா. குழந்தையைப் பற்றிக் கேட்கத் தேவையிருக்காது.

ஆத்தே வாரம் ஒருமுறை வருவார், முருங்கைக்கீரைக் கட்டோடு. அங்கே அதற்கு 'மலுங்காய்' என்று பெயர். பச்சைப் பப்பாளி, இஞ்சி, கோழி போட்டுக் கொதிக்கவைத்து அந்தக் கீரையைத் தூவினால் 'தினோலா', பால் ஊறும் சூப். கூடவே, உடனே தலைக்குக் குளிக்காதே, 'பினாத்' வந்துவிடும் என்பார். பச்சை உடம்புக்காரிக்குக் காற்றும் குளிரும் ஆகாது என்று என் அம்மா போனில் சொன்ன அதே பேச்சு. பயிற்சிப் புத்தகத்தில் இது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் என் அம்மா சொன்னது என்றார்.

2017 நவம்பரில், கருத்தடைப் பொருள்களில் எதுவும் கருவைக் கலைப்பது அல்ல என்று அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சான்றளித்தது, தடை விலகியது. கிடங்கில் காலாவதியை எதிர்நோக்கி லட்சக்கணக்கான இம்பிளான்ட்டுகள் கிடந்தன. அந்த வாரமே ஆத்தே குடையோடு வந்தார். நோட்டைப் புரட்டி, இந்த இரண்டு வருடத்தில் கேட்டுவிட்டு வெறுங்கையோடு போனவர்களின் பெயர்களைக் காட்டினார். ஒரு பக்கமும் கொஞ்சமும். என் பெயரும் இருந்தது, முதல் நாள் எழுதிக்கொண்ட அதே எழுத்துப் பிழையோடு. "நீ காப்பர்-டி போட்டுக்கொண்டாய், தெரியும். இருந்தாலும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்றார். வேண்டாம் என்றேன். என் பெயரை அடித்துவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.